கறிவேப்பிலை அழகி

வண்ணத்துப்பூச்சி என்றவுடன் மலரையே நினைக்கிறோம். அதன் வாழ்வோ இலையில் தொடங்குகிறது. கறிவேப்பிலைத் தளிரில் பறவையின் எச்சம் போல் ஒன்று ஒட்டியிருக்கக் கண்டால் சற்றுக் குனிந்து நோக்குதல் வேண்டும். எச்சமன்று அது, புழு. எச்சத்தை எப்பறவை கொத்தித் தின்னும்? நான்கு முறை தோலுரித்தபின் அவ்வேடம் களைந்து இலைப் பச்சையை மேற்கொள்கிறது. தீண்டினாலோ, தலையின் பின்னிருந்து கவர்பட்ட செந்நிறக் கொம்பினை நீட்டிக் கடுநெடி பரப்புகிறது.

நம் கொல்லைக் கன்றில் இத்தகைய புழுக்கள் ஒன்பது இருந்தன. “மருந்து வாங்கிட்டு வா வாப்பா, ஆணத்துக்கு ஓர் இலை மிஞ்சாது” என்றார் உம்மா. அவர் கவலை நியாயமானதே. பிள்ளை போல் வளர்த்த கன்று. எனினும் நஞ்சு தெளித்த இலையைத் தாளிப்பில் இட நமக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கிளை அவற்றுக்கு, எஞ்சியவை அடுப்புக்கு என்று உடன்பாடு கண்டோம். புழுக்கள் அவ்வுடன்பாட்டை மதிக்கவில்லை என்பது வேறு செய்தி! நாள்தோறும் அவற்றை எடுத்து உரிய கிளையில் விட்டவர் உம்மாவே. எறும்புக்கும் குருவிக்கும் இரையானவை போக, இரண்டே கூட்டுப்புழுவாயின. இடுப்பில் பட்டிழை கட்டித் தண்டில் சாய்ந்து கிடந்தன.

ஆணை அறிதல் எளிது: கரிய இறக்கை, பின்னிறக்கையில் வெண்புள்ளி வரிசை, வால். பெண்ணே மயக்குவது. சில பெண்கள் ஆணைப் போன்றிருக்கும். சில ரோசா அழகியையும், சில சிவப்புடல் அழகியையும் ஒத்திருக்கும். அவ்விரண்டும் ஆடுதீண்டாப்பாளையை உண்டு நஞ்சேறியவை. பறவைகள் அஞ்சி ஒதுக்குபவை. நஞ்சில்லாத நம் அழகி அக்கோலத்தை மட்டும் இரவல் பெற்றுப் பிழைக்கிறது. ஓரினப் பெண்களின் இவ்வேறுபாட்டை ஆல்பிரட் ரசல் வாலஸ் 1865இல் எழுதினார். ‘டபுள்செக்ஸ்’ என்னும் ஒற்றை மரபணுவே அதனை ஆள்வதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

பன்னிரண்டாம் நாள் வெளிவந்த முதற்பூச்சியின் பின்னிறக்கையில் செம்புள்ளிகள் ஒளிர்ந்தன. “இது வேறு சாதியல்லவா?” என்றார் உம்மா. உடலைப் பார்க்கச் சொன்னோம். நஞ்சுடையவற்றின் உடல் சிவப்பு. இதன் உடலோ முழுக் கறுப்பு. கண்ணாடியை அணிந்து நெடுநேரம் நோக்கிய உம்மா, மற்றக் கூடு எப்போது திறக்கும் என்று கேட்டார்.