தராசுக்குத் தப்பும் லாரி

தார்ச் சாலையில் பள்ளம் விழுந்தால் பழி மூவர் தலையில் விழும்: காண்ட்ராக்டர், என்ஜினியர், மழை. நான்காவதாக ஒன்று உண்டு. சாலை போடும் முன்பே கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு.

இந்தியாவில் இந்தக் கணக்குக்குப் பயன்படும் சாஃப்ட்வேரின் பெயர் ஐஐடிபேவ். கரக்பூர் ஐஐடியில் உருவானது. தார்ச் சாலைகளை வடிவமைக்க இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்டுள்ள ஐஆர்சி 37 என்ற நெறிமுறை இதைத்தான் நம்பியிருக்கிறது. மேலே தார்க் கலவை, அதன் கீழே ஜல்லி, அதற்கும் கீழே மண். ஒவ்வொரு அடுக்கின் கனம், விறைப்பு, மேலே ஏறும் சக்கரத்தின் எடை, டயரின் காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொடுத்தால் நொடியில் விடை வந்துவிடும்.

விடையில் முக்கியமானவை இரண்டு. தார் அடுக்கின் அடிப்பக்கம் எவ்வளவு இழுபடுகிறது? மண்ணின் மேற்பரப்பு எவ்வளவு அமுங்குகிறது? பத்து லட்சத்தில் சில நூறு பங்கு என்கிற அளவிலான அசைவுகள் இவை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மடக்கி மடக்கி நிமிர்த்திய கம்பி ஒடிவதுபோல, லட்சக்கணக்கான முறை இழுபட்ட தார் அடியிலிருந்து விரிசல் விடுகிறது. மண் அமுங்கி அமுங்கிச் சக்கரத் தடம் குழிகிறது. பரப்பில் 20 சதவீதம் விரிசல் அல்லது 20 மில்லிமீட்டர் குழிவு வந்துவிட்டால் நெறிமுறைப்படி சாலையின் ஆயுள் முடிந்தது.

எடைதான் இங்கே வில்லன். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளில் லாரிகளை ஓட்டிப் பார்த்ததில் கிடைத்த பாடம்: அச்சின் மீதுள்ள எடை இரட்டித்தால் சேதம் சுமார் 16 மடங்கு. இந்தியக் கணக்கும் இந்த விதியைத்தான் பின்பற்றுகிறது. 2018ல் மத்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எடையில் கூடியது 13 சதவீதம்கூட இல்லை. விதிப்படி, முழு பாரத்தோடு போகும் அந்த அச்சு ஒவ்வொரு நடையிலும் செய்யும் சேதம் 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது.

இது சட்டத்துக்கு உட்பட்ட லாரி. வரம்பை மீறும் லாரியை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? சாலையோரம் தராசு வைத்து லாரிகளை நிறுத்தி, ஒவ்வொரு அச்சாக எடை போடுகிறார்கள். காலி லாரி, பாரம் ஏற்றிய லாரி என்று பாராமல் எடுக்க வேண்டும் என்பது நெறிமுறை. ஆனால் தராசு வைத்த செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அதிக பாரம் ஏற்றிய லாரி சுற்றுவழியில் போய்விட்டால் கம்ப்யூட்டருக்கு அது பிறக்கவே இல்லை. டிரைவரைத் திட்டிப் பயனில்லை. எவ்வளவு ஏற்றுவது என்று பெரும்பாலும் அவர் தீர்மானிப்பதில்லை.

கம்ப்யூட்டர் பொய் சொல்வதில்லை; கொடுத்த எண்ணுக்கு விடை தருகிறது. அந்த எண் குறைவாக இருந்தால் தார் அடுக்கும் மெலிந்துவிடும். அதற்கான விலையைப் பத்து ஆண்டு கழித்துக் கொடுக்கப்போகிறவர், மழைநீர் மூடிய குழி தெரியாமல் இருட்டில் ஸ்கூட்டரை விடுகிறவர்.