சாமி சுருட்டும் பலகார டப்பாவும்

எங்க வீட்டுல சுருட்டு பிடிக்கிற ஆள் ஒருத்தரும் இல்லீங்க. ஆனா இன்னைக்குத் தேதிக்கு 104 சுருட்டு பத்திரமா இருக்கு. தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல, பழைய குதிருக்குள்ள. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க, "என்னப்பா இது, மஞ்சள் மூட்டைக்குக் கூட இவ்வளவு காவல் இல்ல"ன்னு கேலி பண்றாங்க. ஒவ்வொருத்தருக்கா விளக்கம் சொல்றதுக்கு, மொத்தமா எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

எல்லாம் குலசாமிக்கு. எங்க பக்கம் மாசி மாசம் மகாசிவராத்திரிக்குத்தான் பங்காளிங்க எல்லாம் கூடிக் கும்பிடுவோம். முன்னால நிக்கிறது கருப்பு. அவரைச் சேர்த்து 21 சாமி. ஒவ்வொரு சாமிக்கும் இலையில பொங்கல், வாழைப்பழம், வெத்தலை பாக்கு, ஒரு சுருட்டு. சைவச் சாமிக்கு எதுக்குச் சுருட்டுன்னு கேக்காதீங்க, எங்க கோயில்ல 21க்கும் உண்டு. அப்பாதான் சாமியாடி. அருள் வந்து ஆடும்போது பூசாரி சுருட்டைப் பத்த வச்சு அவர் கையில கொடுப்பார்.

அப்பா புகையிலை விவசாயி. வேடசந்தூர் பக்கம் அது பழைய வெள்ளாமை. புகையிலைக்குன்னே ஆராய்ச்சி நிலையம் வச்சிருந்த ஊருங்க அது. நாத்து விட்டு, நட்டு, கொழுந்து கிள்ளி, பக்கக்கிளை ஒடிச்சு, செடியை வெட்டி வாட விட்டு, பந்தல்ல தலைகீழாத் தொங்க விட்டுக் காயப்போட்டு, அப்புறம் அம்பாரம் போட்டுப் புழுங்க வைக்கிற வரைக்கும் அவர் கை படாத இலை இருக்காது. அதே இலையைச் சுருட்டி வாயில வச்சவரும் அவர்தான். தொண்டையில புத்து வந்தது. ஒன்பது மாசம் மதுரைக்கும் ஊருக்குமா அலைஞ்சோம். நாலு வருசம் ஆச்சு அவர் போய்.

அதோட புகையிலை போடுறதை விட்டாச்சு. அந்தக் காட்டுல இப்ப முருங்கை நிக்குது.

பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் மூணு தலைமுறையா வீட்டுலயே சுருட்டு சுத்திக் கொடுத்துட்டு இருந்தார். எங்க சாமிக்கு அவர் கைச் சுருட்டுதான். போன வருசம் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனா அஞ்சு கட்டு எடுத்து வச்சிருந்தார். கட்டுக்கு 25. "தம்பி, கண்ணு சுத்தமா மங்கிருச்சு. இனிமே சுத்த முடியாது. இது உங்கப்பா கடைசியா வெட்டுன இலை. என்கிட்ட ஒரு சிப்பம் கிடந்தது. உங்க சாமிக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்"னு சொன்னார். காசு வாங்கல.

கடையில சுருட்டு கிடைக்காமலா போயிரும்? கிடைக்கும். இந்த 125 கிடைக்காது.

வீட்டுக்குக் கொண்டு வந்தப்ப அம்மா வாசல்லயே நின்னுக்கிட்டாங்க. அப்பா போன நாள்ல இருந்து அந்த வாடை அம்மாவுக்கு ஆகாது. டீக்கடைப் பக்கம் யாராவது பீடி பிடிச்சா முந்தானையை மூக்குல வச்சுக்குவாங்க. கொஞ்ச நேரம் கட்டையே பார்த்துட்டு இருந்துட்டுச் சொன்னாங்க: "சாமிக்கு உள்ளதை நாம நிறுத்தக் கூடாதுப்பா. ஆனா ஒண்ணு, எனக்கு வாடை வரக் கூடாது."

ஆக, வேலை ரெண்டு. சுருட்டு வருசக் கணக்கா கெடாம இருக்கணும். அதோட வாடை ஒரு துளி வெளிய வரக் கூடாது.

சுருட்டைக் கெடாம வைக்கிறது ஒண்ணும் புதுப் பிரச்சினை இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல திருச்சிச் சுருட்டு கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போயிருக்கு. இங்கிலீஷ்காரங்க சொல்ற 'செரூட்' நம்ம சுருட்டுங்கிற வார்த்தைதான். 1887ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலயே, கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டுன்னு துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். வெளிநாட்டுல இதை வைக்கிறதுக்குன்னே ஹியூமிடார்னு ஒரு மரப்பெட்டி இருக்கு. உள்ள ஸ்பானிஷ் சீடர் பலகை அடிப்பாங்க. பேர்தான் சீடர், மரம் நம்ம வேம்புக் குடும்பம். விலையைக் கேட்டா ஒரு கறவை ஆட்டை விக்கணும். ஆனா அங்கயும் பாதிப் பேர் சாப்பாட்டு டப்பாவுலதான் வைக்கிறாங்களாம். அது போதும் நமக்கு.

விதை வைக்கிற கணக்கு எல்லா விவசாயிக்கும் தெரியும். நல்லாக் காய வச்சு, சாம்பல் கலந்து, காத்துப் புகாம மூடணும். சுருட்டு அதுக்கு நேர் எதிர். காஞ்சா இலை நொறுங்கி, மேல் சுத்து பிரிஞ்சுடும். ஈரம் ஏறினா பூஞ்சாணம். ரெண்டுக்கும் நடுவுல, காத்துல ஈரப்பதம் நூத்துக்கு 65ல இருந்து 70 வரை இருக்கணும். கோழி முட்டையை அடைகாப்பான்ல வச்சுப் பொரிக்கிறவங்களுக்கு இது பழகின கணக்கு. 18 நாள் கழிச்சுக் குஞ்சு ஓட்டை உடைக்கிற கடைசி மூணு நாளைக்கு ஈரத்தைக் கூட்டுவோம் பாருங்க, ஏறக்குறைய அந்த அளவுதான். அடைகாப்பானுக்கு வாங்கின ஈரப்பத மீட்டர் ஒண்ணு என்கிட்ட சும்மா கிடந்தது. அதையே டப்பாவுக்குள்ள போட்டுட்டேன்.

போடுறதுக்கு முன்னாடி மீட்டர் சரியாச் சொல்லுதான்னு பார்க்கணும். ஒரு பாட்டில் மூடியில சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் தண்ணி விட்டு, மீட்டரோட சேர்த்து ஒரு சின்ன டப்பாவுல மூடி ஒரு பகல் ஒரு ராத்திரி வைங்க. உப்பு கரைஞ்சு தண்ணியா நிக்கக் கூடாது. உள்ள ஈரப்பதம் 75ல நிக்கும். என் மீட்டர் 71 காட்டுச்சு. அப்ப நாலைக் கூட்டிப் படிக்கணும். அவ்வளவுதான்.

டப்பா 10 லிட்டர். நாலு பக்கமும் பூட்டு, மூடியில ரப்பர் வளையம். அடியில முக்கோணத்துக்குள்ள 5னு போட்டிருக்கும், அது சாப்பாடு வைக்கிற பிளாஸ்டிக். கடையில இருந்து வந்ததும் வெறும் தண்ணியில கழுவி, பிளாஸ்டிக் வாடை போற வரைக்கும் நாலு நாள் நிழல்ல திறந்து வச்சேன். காத்துப் புகுதான்னு பார்க்க, உள்ள ஒரு காஞ்ச பேப்பரை வச்சுப் பூட்டி, மாட்டுத் தொட்டித் தண்ணியில அமுக்கிப் பிடிச்சேன். பேப்பர் நனையல.

ஒண்ணு கட்டாயம் சொல்லணும். பூச்சி மருந்து வந்த டப்பா, கேன் எதையும் எத்தனை தடவை கழுவினாலும் இதுக்கு எடுக்காதீங்க. எதுக்குமே எடுக்காதீங்க.

ஈரத்துக்கு உடைஞ்ச மண்பானை ஓடு ஒண்ணு. தண்ணியில ஊற வச்சு, மேல் ஈரத்தைத் துணியால ஒத்தி எடுத்து, ஒரு கிண்ண மூடி மேல வைக்கிறேன். சுருட்டு மேல படக் கூடாது. எங்க கிணத்துத் தண்ணி உப்பு, ஓடெல்லாம் வெள்ளை பூத்துடும். அதனால இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்தான். மீட்டர் 62க்குக் கீழ போனா ஓட்டை உள்ள வைப்பேன், 68 தொட்டா வெளிய எடுத்துடுவேன். வெயில் காலத்துல 65க்கு மேல விடுறதே இல்ல. சூட்டோட ஈரமும் சேர்ந்தா பூஞ்சாணத்துக்குக் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகையில ஓடு வைக்கிற வேலையே இல்ல.

அடுத்தது வண்டு. இதுதான் பெரிய எதிரி. மஞ்சள் இருப்பு வச்சிருக்கிறவங்களுக்கு இவரைத் தெரியும். கிழங்குல குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை போட்டு, உள்ள மாவா அரைச்சு வச்சிருப்பார். செம்பழுப்பா, கடுகளவு. சிகரெட் வண்டுன்னே பேரு. மஞ்சள், மல்லி, மிளகாய் எதையும் விடாது, ஆனா பேர் வந்தது புகையிலையால. இலையிலயே முட்டை இருக்கும். குளிர்ல சும்மா கிடக்கும், சூடு ஏறினா பொரிய ஆரம்பிச்சுடும். நம்ம ஊர்ல குளிர் எப்ப இருக்கு, மார்கழி விடியக்காலையில தவிர? பெரியப்பா மகன் ஒரு கட்டை பாலித்தீன் கவர்ல சுத்திப் பரண்ல வச்சிருந்தார். மாசிக்கு எடுத்தப்ப ஒவ்வொரு சுருட்டும் புல்லாங்குழல்.

அதுக்கு மருந்து குளிர்தான். ஆனா எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்குள்ள புகையிலையா? அம்மாகிட்டக் கேக்கவே இல்ல. பொட்டிக்கடைக்காரர் நமக்குப் பழக்கம், ஐஸ்கிரீம் பெட்டி வச்சிருக்கார். மைனஸ் 18ல நிக்கும். மூணு கவர்ல காத்தை அமுக்கி எடுத்துக் கட்டி, மூணு நாள் அதுக்குள்ள வச்சோம். பால் ஐஸுக்கு அடியில கருப்பசாமி சுருட்டு. "அண்ணே, சாமி கோவிச்சுக்காதா?"ன்னு கேட்டார். "சித்திரை வெயில்ல நின்னவர், சந்தோசப்படுவார்"னேன். எடுத்ததும் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அவர் கடை ஃபிரிட்ஜோட கீழ்த்தட்டுல, அப்புறம் வெளிய ஒரு நாள், கவர் பிரிக்காமலே. சில்லுன்னு இருக்கிறப்ப பிரிச்சா, மோர்ச் செம்புல வேர்க்கிற மாதிரி சுருட்டு மேல வேர்த்துடும்.

வைக்கிற இடம் குதிர். தாத்தா காலத்துல நெல்லு கொட்டினது, இப்ப சும்மா நிக்குது. கையளவு கனத்துக்கு மண் சுவர். வெளிய 38, 39 அடிக்கிறப்ப உள்ள 30தான் இருக்கு. முட்டை செத்தாச்சு, புது வண்டு உள்ள போக வழியில்ல, 30 தாங்கும்.

பூசை ரூம்ல ஏன் வைக்கலன்னு தங்கச்சி கேட்டுச்சு. சுருட்டு எந்த வாடையையும் இழுத்துக்கும். கற்பூரம், சாம்பிராணி, பாச்சா உருண்டை எது பக்கத்துல இருந்தாலும் அதுவே ஏறிடும். பலகை வேணும்னு ஒரு துண்டு வேப்பம் பலகையைக்கூடப் போடல, கசப்பு ஏறும்னு. இன்னொண்ணு, குழந்தைங்க கைக்கு எட்டாத இடமா இருக்கணும். தின்னுட்டா புகையிலை விஷம்தான். டப்பா மேல பெரிய எழுத்துல எழுதி, குதிர் வாயில ஒரு பூட்டும் போட்டிருக்கேன்.

முதல் மூணு மாசம் வாரம் ஒரு தடவை டப்பாவைத் தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போய் ரெண்டு நிமிசம் திறந்து வச்சேன். புதுசாச் சுத்தின சுருட்டுல ஆட்டுப்பட்டி வாடை மாதிரி ஒரு காரம் இருக்கும். அம்மோனியா. இலை இன்னும் புழுங்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அது போகப் போக, வெல்லப்பாகும் காஞ்ச திராட்சையும் கலந்த மாதிரி ஒரு மணம் வந்துச்சு. அப்பா சட்டையில வந்த மணம். நான் சுருட்டு பிடிச்சது இல்ல, பிடிக்கப் போறதும் இல்ல. ஆனா அந்த ரெண்டு நிமிசம் மூணு, நாலு நிமிசமா ஆகும். பொய் சொல்லல.

அம்மா ஒரு வருசமா அந்தக் குதிரைத் தாண்டித்தான் தினமும் மாட்டுக்குத் தவிடு எடுக்கப் போறாங்க. ஒரு நாளும் மூக்கைச் சுருக்கல. எனக்கு மீட்டரை விட அதுதான் கணக்கு.

இந்த மாசிக்கு 21 எடுத்தேன். விரல்ல லேசா அமுக்கினா அமுங்கி மறுபடி எழுந்துச்சு. நொறுங்கல, நசநசக்கல, ஓட்டை இல்ல. இப்பச் சித்தப்பா மகன் சாமியாடுறான். பத்த வச்சுக் கொடுத்ததும் ஒரே இழுப்புல கனிஞ்சுது. அம்மா காத்து எதிர்ப் பக்கமா, ஆலமரத்துக்கு அந்தாண்ட போய் நின்னுக்கிட்டாங்க. முந்தானை மூக்குல இருந்துச்சு. ஆனா கிளம்பிப் போகல, கடைசி வரைக்கும் நின்னாங்க.

ராத்திரி வீட்டுக்கு வந்து நான் கணக்குப் போட்டேன். மீதி 104. வருசத்துக்கு 21ன்னா இன்னும் நாலு வருசம் முழுசா வரும், அஞ்சாவது வருசம் 20தான் இருக்கும். ஒண்ணு குறையுது. "கடையில ஒண்ணு வாங்கிச் சேர்த்துக்கலாம்மா"ன்னேன்.

அம்மா அரிசி புடைச்சுக்கிட்டே சொன்னாங்க: "வேண்டாம்ப்பா. உங்கப்பன் ஆடுன சாமிக்கு வெத்தலை பாக்கு மட்டும் வச்சுடு. அவுங்க ரெண்டு பேரும் இழுத்த வரைக்கும் போதும்."

அதுக்கு இன்னும் அஞ்சு வருசம் இருக்கு. நாளைக்குக் காலையில பானை ஓட்டை ஊறப் போடணும், மீட்டர் 61ல நிக்குது.