கல்லின் மேல் மண் செய்தவர்கள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே நகரைத் தாண்டி அட்லாண்டிக் கடலுக்குள் அரன் தீவுகள் மூன்று இருக்கின்றன. பெரிய தீவான இனிஷ்மோர் சுமார் 14 கி.மீ. நீளம். படகை விட்டு இறங்குபவர் கண்ணில் முதலில் படுவது கல்தான். தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பல இடங்களில் ஒரு சாண் மண்கூடக் கிடையாது.

அங்கேயும் உருளைக்கிழங்கு விளைகிறது. மண்ணை உழவர்களே செய்தார்கள். பாறை வெடிப்புகளைச் சிறு கற்களால் அடைத்து, கடல் மணலையும் கடற்பாசியையும் கூடை கூடையாகச் சுமந்து வந்து பரப்பினார்கள். பாசி மக்கி மணலோடு சேர்ந்து பயிர் பிடிக்கும் மண்ணானது. வண்டல் நிலம் வாய்த்தவர்களுக்கு இதை நம்புவது கடினம்தான்.

பொறுக்கிய கல் வயலைச் சுற்றிச் சுவரானது. சாந்து பூசவில்லை. இடுக்கு வழியே காற்று புகுந்து வேகம் தணிவதால் புயலிலும் சுவர் நிற்கிறது. பல வயல்களுக்குக் கதவும் இல்லை. மாடு போக ஓரிடத்தில் கல்லைச் சரிப்பார்கள், போனதும் மறுபடி அடுக்கிவிடுவார்கள். மரமே அரிதான தீவில் கதவுக்குப் பலகை ஏது?

கரைக்குத் திரும்பி கானமாரா மலைப்பக்கம் போனால், சரிவுகளில் புல் மூடிய மேட்டுப்பாத்திகள் வரிவரியாகத் தெரிகின்றன. ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு போட்ட பாத்திகள். 1845-ல் பின்கருகல் நோய் வந்தது. ஏழைக் குத்தகைதாரர்கள் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். விளைந்த தானியம் குத்தகைக்குப் போய்விடும், வயிற்றுக்குக் கிழங்குதான். அது மண்ணுக்குள்ளேயே அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் பசியாலும் காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 லட்சம் பேருக்கு மேல் கப்பலேறிப் போனார்கள். 1841-ல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த அந்தத் தீவின் மக்கள்தொகை இன்றும் பழைய அளவை எட்டவில்லை.

நம் நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுபவர்கள் மல்லுக்கட்டுவதும் இதே நோயோடுதான். வெதுவெதுப்பும் ஈரமும் சேரும் நாட்களை முன்கூட்டிக் கணித்து, அயர்லாந்து வானிலைத் துறை இன்றும் பின்கருகல் எச்சரிக்கை விடுகிறது.

தெற்கே கிளேர் மாவட்டத்தில் பர்ரன் என்ற கல்மலை. மற்ற ஊர்களில் கோடையில்தான் மாட்டை மலைக்கு ஓட்டுவார்கள், இங்கே குளிர்காலத்தில். பாறை கோடைச் சூட்டைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது, தரை சேறாவதில்லை, ஊற்றில் தண்ணீரும் அப்போதுதான் இருக்கிறது. காய்ந்த புல்லை மாடுகள் மேய்ந்து தீர்த்து இறங்கியபின், வசந்தத்தில் பாறை இடுக்குகளில் நீல ஜென்டியன் பூக்கிறது. அதைப் பார்க்கவே தூர தேசத்துப் பயணிகள் வருகிறார்கள்.