வடையை அமுக்கினால்

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்தப் பட்டறை. ஒரு காலத்தில் மொட்டைமாடிகளில் டிவி ஆண்டெனா கட்டியவர், இப்போது பொழுதுபோக்கு ட்ரோன் விடும் பையன்களுக்கு டெலிமெட்ரி ஆண்டெனா, அதாவது ட்ரோன் தன் நிலையைத் தரைக்கு அனுப்பும் ரேடியோவுக்கான ஆண்டெனா, செய்து தருகிறார். “அதே வேலைதான் சார், கம்பி சின்னதாயிடுச்சு” என்றார். அது உண்மைதான். அன்று வீட்டுக்கு வீடு நின்றது யாகி-உடா ஆண்டெனா. 1926-இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தெரிய வேண்டும் என்று நம் கடலோர ஊர்கள் அந்தப் பக்கம் திருப்பிக் கட்டியதும் அதைத்தான்.

மேசையில் பித்தளைக் கம்பி, வெட்டுக்குறடு, ஆண்டெனாவைச் சோதிக்கும் கையகல நானோ விஎன்ஏ கருவி. இந்த ரேடியோக்கள் பேசும் 866 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 34.6 சென்டிமீட்டர், அதில் பாதி 17.3. அவர் அதைவிடக் கொஞ்சம் குறைத்தே வெட்டுகிறார். கம்பிக்குத் தடிமன் இருப்பதால் கணக்கில் வரும் நீளம் அப்படியே செல்லாது. கருவியின் திரையில் கோடு 866-க்கு நேராகக் குழி விழும்வரை நுனியை அரம் போட்டுத் தேய்த்தார். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் அந்தக் கம்பி குப்பைக்குத்தான்.

ஒரு கல்லூரிப் பையன் விரல் நீளக் கருப்புக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்தான். இணையத்தில் வாங்கியது, உறையில் கெயின் 12 டிபிஐ என்று அச்சிட்டிருந்தது.

“தம்பி, 12 வேணும்னா இந்த பேண்டுல கம்பி உன் உயரத்தைத் தாண்டும். இது ரெண்டு இருந்தா பெருசு.”

ஆண்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. ரேடியோ தரும் 100 மில்லிவாட்டை எந்தத் திசைக்கு எவ்வளவு என்று பங்கிடுகிறது, அவ்வளவுதான். நிமிர்த்தி வைத்த சாதாரணக் கம்பியைச் சுற்றி அலை பரவுவது உளுந்த வடை வடிவத்தில், கம்பி நிற்பது நடு ஓட்டையில். கெயின் என்பது சக்தியை ஒரு பக்கம் குவிக்கும் அளவு; அதைக் கூட்டுவது வடையை அமுக்குவது. அகலம் கூடும், உயரம் போகும். “ட்ரோன் உன் தலைக்கு மேல வந்தா ஓட்டைக்குள்ள மாட்டிக்கும். கிட்டத்துலயே சிக்னல் போச்சுன்னு அப்புறம் என்கிட்டதான் வருவே.” பையன் தலையாட்டினான். ஆனாலும் குச்சியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, பைக்குள் திரும்பிப் போயிற்று.

சோதனைக்காகச் செங்கல்பட்டுக்கு அப்பால் வற்றிக் கிடந்த ஓர் ஏரிக்குப் போனோம். ட்ரோன் நூறு மீட்டர் உயரத்தில், எங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நின்றது. மடிக்கணினித் திரையில் பேட்டரி வோல்ட், ஜிபிஎஸ் இடம், அடியில் சிக்னல் எண். தரையில் முதலில் ரேடியோவோடு வந்த ரப்பர் ஆண்டெனா. பிறகு அவர் பிவிசி குழாயில் ஐந்து கம்பி செருகிச் செய்த யாகி. மாற்றியதும் எண் 14 ஏறியது. இந்த ரேடியோக்களில் ஏறக்குறைய 1.9 எண் சேர்ந்தால் ஒரு டெசிபெல்; ஆக, ஏழு டெசிபெல் சொச்சம். திறந்தவெளியில் ஆறு டெசிபெல் கூடினால் தூரம் இரட்டிக்கும். மூன்று கூடினால் ஒன்றரை மடங்குகூட வராது. விளம்பரங்கள் சொல்லாமல் விடும் கணக்கு இது.

அடுத்து அவர் யாகியைப் பக்கவாட்டில் திருப்பினார். கம்பிகள் கிடைமட்டமாயின, ட்ரோனிலோ கம்பி செங்குத்து. ஏறியதெல்லாம் இறங்கி, ரப்பர் குச்சி காட்டியதைவிடக் கீழே போனது. ஆண்டெனாவுக்குக் கொடுத்த காசு முழுவதும் மணிக்கட்டின் ஒரு திருப்பில் போய்விடுகிறது. யாகியைக் கையில் பிடித்து ட்ரோனைப் பின்தொடர ஒருவர் வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த வேலைக்கு நின்றவன் அவருடைய உதவிப் பையன். கண் வானத்தில், கை தானாகத் திரும்புகிறது. விமானியைவிட அவனுக்குத்தான் கழுத்துவலி.

சட்டமும் இதில் குறுக்கே வருகிறது. 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இந்தியாவில் உரிமம் தேவையில்லை. ஆனால் ரேடியோவுக்கு 1 வாட், ஆண்டெனாவின் கெயினையும் சேர்த்து வெளியேறுவதற்கு 4 வாட் என்று வரம்பு உண்டு. சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் 915 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அமெரிக்காவுக்கானது. இங்கே 890 முதல் 915 வரை செல்பேசிகளின் இடம், அதற்கு மேலேயும் திறந்த பட்டை கிடையாது. அவர் 915-க்குக் கம்பி வெட்டுவதில்லை. கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறார். பாதிப் பேர் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் பறக்கவிட வேண்டும் என்பது விதி. பையன்கள் விடும் அளவு ட்ரோன் அரைக் கிலோமீட்டரிலேயே புள்ளியாகிவிடும். அப்படியிருக்க யாகி எதற்கு என்று கேட்டேன். “தூரத்துக்கு இல்ல சார். அது திரும்பும்போது கார்பன் ஃபைபர் பாடி குறுக்க வரும், சாஞ்சா கம்பியும் சாயும். பத்து டெசிபெல் சட்டுனு போகும். போனாலும் மிச்சம் இருக்கணும்ல?” பையன்கள் ரேஞ்ச் என்று கேட்டு வாங்குவதை அவர் கையிருப்பாகத்தான் விற்கிறார். எனக்கு அவர் கணக்கே சரியாகப் பட்டது.

ட்ரோன் பக்கம் மட்டும் கெயின் கூட்ட அவர் சம்மதிப்பதே இல்லை. அது எப்படி வேண்டுமானாலும் சாயும், எந்தப் பக்கமும் திரும்பும். அங்கே உப்பிய வடைதான் வேண்டும். சாதாரணக் கம்பியை ட்ரோனின் காலோடு சேர்த்து, கார்பன் தகட்டுக்குக் கீழே, நுனி தரையைப் பார்க்கக் கட்டிவிடுகிறார். கூலி வாங்குவது தரையில் நிற்கும் யாகிக்கு மட்டும்.