பட்டதைப் பட்டபடி

‘பேன்’ என்று எழுதிவிட்டு இரண்டு நாள் நிம்மதியில்லாமல் இருந்தேன். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘ஹோமேஜ் டு கேட்டலோனியா’வைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அவருடைய கால்சட்டைத் தையலில் முட்டையிட்டுப் பெருகியது தலையில் ஊரும் பேன் அல்ல. என் ஆச்சியிடம் அதற்கு ஒரு சொல் இருந்தது: சீலைப்பேன். துணி மடிப்பில் குடியிருந்து உடம்பைக் கடிப்பது. அந்தச் சொல் வந்த பிறகுதான் ஸ்பெயினின் அரகான் குன்றுகளின் குளிரும் அழுக்கும் என் வாக்கியங்களில் ஏறின.

1936 டிசம்பர் கடைசியில் பார்சிலோனா போனார் ஆர்வெல். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், குடியரசு ஆட்சியைக் கவிழ்க்க எழுந்த பிராங்கோவின் கலகப் படைக்கு எதிராக, பி.ஓ.யு.எம். என்ற மார்க்சியக் கட்சியின் மிலிஷியாவில் சேர்ந்தார். கைக்குக் கிடைத்தது 1896-ஆம் ஆண்டு முத்திரையிட்ட ஜெர்மன் மௌசர் துப்பாக்கி. போர்முனைக்குப் போனதும் எது எது முக்கியம் என்று வரிசைப்படுத்துகிறார்: விறகு, சாப்பாடு, புகையிலை, மெழுகுவத்தி, கடைசியில் எதிரி. இந்த வரிசையைப் பெயர்த்தபோதுதான் என் முதல் பிரதியின் கோளாறு புரிந்தது. போர் என்று வந்த இடமெல்லாம் என் நடை நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தது. புறநானூற்றில் ஊறிய கை. விறகு பொறுக்கப் போகிறவனை வீரனாக எழுதிவைத்திருந்தேன். முழுவதையும் கிழித்துப் போட்டேன்.

போர்க்களச் சொற்களுக்கு யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரைத்தான் நாடினேன். மண்மூட்டை அடுக்கிய இடங்களையெல்லாம் பதுங்குகுழி என்றே எழுதியிருந்தேன். “பங்கர் எண்டா ஷெல் விழேக்க ஒளியிற இடம், அண்ணை. நிண்டு சுடுற இடத்தைக் காவலரண் எண்டுதான் சொல்லுவம்” என்றார். வேறொன்றும் பேசவில்லை. எந்த அகராதியிலும் எடுக்காமல், வாழ்க்கையில் பட்டு வைத்திருந்த வேறுபாடு அது. அன்றைக்கே எல்லாப் பக்கங்களையும் திருத்தினேன்.

என்னை அதிக நாள் நிறுத்திவைத்தது 1937 மே 20. வெஸ்கா நகருக்கு அருகே, விடியற்காலை. காவல் மாற்றும் நேரத்தில் பேசிக்கொண்டு நின்ற ஆர்வெல்லின் கழுத்தில் குண்டு துளைத்தது. ‘சுடப்பட்டேன்’ என்று எழுதினால் காவல் நிலைய அறிக்கை. ‘விழுப்புண்’ நம் மொழியின் பெருமைதான், ஆனால் மார்பு காட்டி ஏற்ற புண்ணுக்குரிய சொல். இவரோ எதையும் ஏற்கத் தயாராக நிற்கவில்லை. ‘குண்டு பட்டது’ என்று எழுதினேன். வெயில் படுகிறது, கை படுகிறது, துன்பம் படுகிறோம். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வினைதான். வெடிப்பின் நடுவில் இருப்பதுபோல் ஓசை, ஒளி, அதிர்ச்சி. ஆனால் வலி இல்லை என்கிறார். சாகப்போகிறோம் என்றதும் முதலில் மனைவியின் நினைவு. அடுத்து, இந்த உலகத்தை விட்டுப் போக வேண்டியிருக்கிறதே என்ற கடுங்கோபம். தியாகம் என்ற சொல் அந்தப் பத்தியில் எங்குமே வரவில்லை. நானும் அதைச் சேர்க்காமல் காத்தேன்.

அதற்கு முன், மே முதல் வாரத்தில், பார்சிலோனாவில் குடியரசுத் தரப்பே தனக்குள் சுட்டுக்கொண்டபோது, பொலியோராமா திரையரங்கின் கூரையில் மூன்று நாள் காவல் இருந்தார். ஜூனில் பி.ஓ.யு.எம். தடைசெய்யப்பட்டது. தலைவர் அந்திரேயு நின் கைதாகிக் கொல்லப்பட்டார். எதிரியின் குண்டுக்குத் தப்பியவர், தன் தரப்புப் போலீசுக்குத் தப்பி, மனைவி ஐலீனோடு பிரான்சுக்குப் போனார். இவ்வளவுக்கும் பிறகு, நான் பார்த்தது ஒரு மூலையை மட்டும், என் பக்கச்சார்பையும் கவனத்தில் வையுங்கள் என்று வாசகரை எச்சரிக்கிறார். அந்தப் பத்தியைப் பெயர்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதிக்கப்பட்டவன் இப்படிச் சொல்வதை நான் அதிகம் படித்ததில்லை. 1938-இல் 1,500 பிரதிகள் அச்சான புத்தகம். 1950-இல் அவர் இறந்தபோதும் அவை விற்றுத் தீரவில்லை.

இன்னும் ஓர் இடம் பாக்கி. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகையில் வெள்ளைப் பாப்லர் மர இலைகள் முகத்தில் உரசுகின்றன. இத்தகைய மரங்கள் வளரும் உலகில் உயிரோடிருப்பது எவ்வளவு நல்லது என்று நினைக்கிறார். பாப்லரைப் பார்த்திராத வாசகருக்காக அரசமரம் என்று மாற்றலாமா என்று யோசித்தேன். அரசிலையும் அப்படித்தான் காற்றில் படபடக்கும். ஆனால் அது கோயிலையும் பிள்ளையாரையும் கூடவே கூட்டிவரும். பாப்லர் என்றே விட்டேன். ‘உரசின’ என்பதை மட்டும் நேற்று ‘பட்டன’ என்று மாற்றியிருக்கிறேன்.