பிக்கப் வண்டியும் கொஞ்சம் சேறும்

ஆஃப்ரோடு என்றதும் நம்ம மக்களுக்கு ஞாபகம் வருவது பாலைவனம், பாறை, மேலே நாலு லைட் வைத்த பெரிய ஜீப்... கோவாவில் 2014 முதல் நடந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி வீடியோக்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் புதுச்சேரி வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் உறுவையாறு மாதிரி ஊரில் கதையே வேறு. ஐப்பசி, கார்த்திகையில் வயலிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறுவதே ஆஃப்ரோடுதான்! அதைச் செய்வது ஜீப் இல்லை. காய்கறி, வைக்கோல், உரமூட்டை, கல்யாணச் சாமான் எல்லாம் சுமக்கும் சாதாரண பிக்கப்.

அந்த பிக்கப்பை ஒரு பைசா கூட வீணாக்காமல் சேற்றுக்கும் மணலுக்கும் தயார் செய்வது எப்படி? இதுதான் இன்றைய விஷயம்.

முதலில் ஒரு கணக்கு. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை கடனில் வாங்கியவை. மாதத் தவணை சேற்றில் மாட்டிக்கொள்ளாது, தேதி தவறாமல் வந்துவிடும். வண்டி மூன்று நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் ரிப்பேர் பில் மட்டும் நஷ்டம் இல்லை, அந்த மூன்று நாள் வாடகையும் நஷ்டம். காமர்ஸ் புத்தகத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். அதனால் இங்கே முதல் விதி, வண்டியை அழகாக்கும் செலவு கடைசி, வண்டியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு முதல்.

1) குனிந்து பாருங்கள்

காசே இல்லாத வேலை. வண்டிக்கு அடியில் படுத்து, எது எல்லாவற்றையும் விடத் தாழ்ந்து தொங்குகிறது என்று பாருங்கள். பிக்கப்பில் அது பெரும்பாலும் பின் ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் குண்டு. நிறைய பேர் சஸ்பென்ஷனைத் தூக்கினால் எல்லாம் உயரும் என்று நினைக்கிறார்கள். பாடியும் சேஸும்தான் உயரும், ஆக்சில் இருக்கும் இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயரின் உயரம் மட்டுமே.

கூடவே மூன்று கோணங்கள். முன் பம்பர் மேட்டில் முட்டாமல் ஏறும் கோணம், பின் பக்கம் இடிக்காமல் இறங்கும் கோணம், நடு வயிறு வரப்பில் தட்டாமல் தாண்டும் கோணம். பிக்கப் நீளம் அதிகம் என்பதால் மூன்றாவதில்தான் அடி வாங்கும். வாய்க்கால் மேட்டில் சீசா மாதிரி உட்கார்ந்துவிட்டால் எந்தச் சக்கரம் சுற்றியும் பிரயோஜனம் இல்லை.

2) டயர்தான் பாதி வண்டி

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்துக் காய்ந்த பழைய டயரைச் சேற்றுக்குக் கொண்டு போகாதீர்கள். மாற்றும் நேரம் வந்தால் ஆல்-டெரெய்ன் வகை போடலாம். அதற்காக நல்ல டயரைக் கழற்றி எறிய வேண்டாம்.

மணலில் இலவச மந்திரம் காற்றை இறக்குவது. சங்கராபரணி மாதிரி கோடையில் காய்ந்து கிடக்கும் ஆற்று மணலில் டயர் கத்தி போல வெட்டி இறங்கும். காலி வண்டியில் 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து மேலேயே மிதக்கும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். டியூப் போட்ட டயர் என்றால் இன்னும் ஜாக்கிரதை, டயர் ரிம்மில் வழுக்கினால் வால்வோடு டியூப் கிழியும். லோடு இருந்தால் இந்த விளையாட்டே கூடாது. தார் ரோடு ஏறும் முன் திரும்பக் காற்று அடிக்க வேண்டும். அதனால் பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸரும் காற்று மீட்டரும் முதல் செலவு.

களிமண் வேறு ஜாதி. பட்டன் இடுக்கெல்லாம் சேறு அடைந்து டயர் மொழுமொழு உருளை ஆகிவிடும். அங்கே காற்று இறக்குவதால் கிடைக்கும் லாபம் குறைவு. இரண்டு நாள் வெயிலுக்குக் காத்திருப்பதே பெரிய லாபம். ஈர வண்டிப்பாதையில் அடம்பிடித்து ஓட்டினால் உண்டாகும் பள்ளத்தில் அடுத்த நாள் விழப்போவது டிவிஎஸ் 50-ல் பால் கேன் கொண்டு போகிறவர்தான்.

3) காலி வண்டியே பிரச்சினை

இங்கே ஓடும் பிக்கப்புகளில் பெரும்பாலும் பின் சக்கரத்துக்குத்தான் இழுவை. லோடு இல்லாதபோது அந்தப் பின் பக்கம்தான் லேசாக இருக்கும். வெயிட் இல்லாத சக்கரம் சும்மா சுற்றும். நாலைந்து மணல் மூட்டையைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்து இறுக்கிக் கட்டுங்கள். கட்டாத மூட்டை பிரேக் அடித்தால் முன்னால் பறந்து வரும்.

இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் (இந்தியாவில் 2016-ல் வந்தது), டொயோட்டா ஹைலக்ஸ் (2022) மாதிரி நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். வழுக்கும் இடத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள், மாட்டிய பிறகு அல்ல. காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டினால் கியர்பாக்ஸ் முறுக்கிக்கொள்ளும்.

4) மாட்டினால்?

மாட்டும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். இறங்குங்கள். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் சரித்து வெட்டுங்கள். தென்னை மட்டை, சாக்கு, பலகை எது கிடைத்தாலும் அடியில் கொடுங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை வண்டியிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் வண்டி எழாது, ஜாக்கிதான் புதையும்.

இதற்கும் அசையாவிட்டால் "அண்ணே, கொஞ்சம் இழுத்து விடுங்களேன்" என்று டிராக்டர்காரரிடம் போய் நிற்பதுதான் வழி. உயிர் போகிற இடமும் இதுதான். இரும்புச் சங்கிலியைத் தளர்வாகக் கட்டி டிராக்டரை வெடுக்கென்று இழுக்கவிடாதீர்கள். பம்பரிலோ, கம்பெனி வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காக வைத்த மெல்லிய வளையத்திலோ மாட்டாதீர்கள். பிய்ந்து வரும் இரும்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி. சேஸில் போல்ட் போட்ட கொக்கியில் மட்டும் மாட்டி, கயிறு விறைப்பான பிறகு மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கயிற்றின் மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் வேகம் குறையும். வேடிக்கை பார்க்கும் சின்னப் பசங்களைக் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு விரட்டிவிடுங்கள். நல்ல கொக்கியும் கயிறும் இரண்டாவது செலவு.

5) தண்ணீர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் சுமார் 46 செ.மீ. மழை. வீடூர் அணைத் தண்ணீர் சங்கராபரணியில், சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில். பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள்ளும் வெள்ளம் வந்தது. இப்படி ஒரு நாளில் "நம்ம வண்டி உயரம்தான், போயிடலாம்" என்று தோன்றும். தோன்றக் கூடாது.

ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே பல கார்களை மிதக்க வைக்கும், இரண்டு அடி இருந்தால் பிக்கப் உட்பட பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். ஹைலக்ஸுக்கு 700 மி.மீ. வரை தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொல்கிறதே என்றால், தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா என்று கம்பெனி சொல்லவில்லையே!

நிற்கும் தண்ணீரில் போயே ஆக வேண்டும் என்றால் முதலில் குச்சியோடு நடந்து பாருங்கள். ஏர் ஃபில்டர் எந்த உயரத்தில் காற்றை இழுக்கிறது என்று தெரிந்து வையுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் காற்றைப் போல அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். உள்ளே வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டி உலர்த்துங்கள். மறுநாள் ஆக்சில் ஆயிலைப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, மாற்றுங்கள்.

6) வாங்க வேண்டாதவை

முன்னால் இரும்பு கிராஷ் கார்டு: நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்தோடு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரருக்குப் பணம் தராமல் இருக்க ஒரு காரணம் நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

7) எங்கே பழகுவது?

ஊசுட்டேரிக் கரையிலோ பாகூர் ஏரிக்கரையிலோ வேண்டாம். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். ஏரிக்கரை நூற்றுக்கணக்கான ஏக்கருக்குத் தண்ணீர் காக்கும் மண்சுவர், நம் டயர் போடும் பள்ளம் மழையில் உடைப்பாக மாறலாம். ஆற்றில் மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது, அதனால் அங்கேயும் தனியாகப் போகாதீர்கள். அறுவடை முடிந்த தரிசு நிலம், சொந்தக்காரர் அனுமதி, துணைக்கு இன்னொரு வண்டி. இவ்வளவு போதும்.

முதல் கியர், கிளட்சில் கால் வைக்காமல், கட்டைவிரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே நுழைக்காமல் (சக்கரம் கல்லில் இடித்தால் ஸ்டியரிங் திருகி விரலை ஒடிக்கும்) மெதுவாக உருட்டுங்கள். மேட்டில் நேராக ஏறுங்கள். முடியாவிட்டால் ரிவர்ஸ் கியரில் நேராகவே இறங்குங்கள். பாதியில் திருப்பினால் உருளும்.

கம்ப்ரஸர், கொக்கி, கயிறு, மண்வெட்டி, பலகை, சாக்கு. மொத்த முதலீடு இவ்வளவுதான் மக்களே. மீதிப் பணத்தை அடுத்த தவணைக்கு எடுத்து வையுங்கள் :)