மாப்பிள்ளை வாங்கி வந்த வண்டி

போன வாரம் பழைய சாக்கு தேடி அட்டாலியில ஏறினப்ப அந்த வண்டி கண்ணுல பட்டது. சிவப்பும் மஞ்சளுமா பிளாஸ்டிக், முன்னால ஒரு தட்டு, தட்டுல அமுக்கினா பாட்டுப் பாடற பொத்தான் மூணு. தூசி தட்டி அமுக்கிப் பார்த்தேன். இன்னும் பாடுது. கீழ இருந்து எங்க வீட்டம்மா, "ஏனுங்க, அதை எதுக்கு இப்ப நோண்டறீங்க?"ன்னு சத்தம் போட்டா. இந்த வண்டியால எங்க வீட்டுல நடந்த கூத்தை எழுதணும்னு அப்பத்தான் தோணுச்சு.

போன மாசி மாசம். மஞ்சள் வேக வெச்சு, காயப்போட்டு, பாலீஷ் போட்டு, மூட்டை பிடிச்சு ஆசாரத்துலயே அடுக்கி வெச்சிருந்தோம். திருப்பூர்ல சம்பந்தி அம்மாவுக்கு முட்டியில ஆபரேஷன். அதனால மகளும் பேரனும் கொஞ்ச மாசம் எங்க வீட்டுல இருக்கட்டும்னு முடிவாச்சு. மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டுல இருந்தே பார்க்கலாம். காலையில ஒன்பது மணிக்கு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவா. நடுவுல பாலூட்ட மட்டும் வெளிய வருவா. பேரனுக்கு அப்ப எட்டு மாசம். தவழ்ந்துட்டு இருந்தான்.

மாப்பிள்ளை சனிக்கிழமை தோறும் வருவாரு. ஒரு சனிக்கிழமை பெரிய அட்டைப் பெட்டியோட வந்தாரு. பிரிச்சா இந்த வாக்கர். "எங்க அபார்ட்மெண்டுல குழந்தை இருக்கிற எல்லா வீட்டுலயும் இது இருக்குதுங்க மாமா. சீக்கிரம் நடந்துருவான்"னாரு. பையனைத் தூக்கி அதுக்குள்ள உட்கார வெச்சாரு. முதல்ல முழிச்சான். அப்புறம் காலை எத்தினான். வண்டி நகர்ந்துச்சு. அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதைப் பார்த்தா யாருக்கும் வேண்டாம்னு சொல்ல வாய் வராது.

எனக்கு அது பிடிக்கலை. ஆனா ஏன் பிடிக்கலைன்னு கேட்டா சொல்லத் தெரியலை. "நாங்கெல்லாம் இதுலயா நடை பழகினோம்?"னு கேக்கலாம். அது ஒரு காரணமா? சொட்டுநீர்ப் பாசனம் ஊருக்குள்ள வந்த புதுசுல இதே மாதிரி பேசித்தான் நாலு வருஷம் தண்ணியையும் ஆள் கூலியையும் வீணாக்கினேன். அதனால புதுசா ஒண்ணு வந்தா இப்ப உடனே வாயைத் திறக்கறதில்லை. அதுவும் மாப்பிள்ளை ஆசையா வாங்கி வந்த பொருள். நம்ம பக்கம் மாமனார் வாய்க்கு அதுல என்ன மரியாதைன்னு படிக்கிற உங்களுக்கே தெரியும்.

வண்டி வந்ததுல ரொம்ப சந்தோஷப்பட்டது எங்க வீட்டம்மாதான். அவளைக் குத்தம் சொல்லவே முடியாது. விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பால் பீச்சணும், மறுபடியும் சாயங்காலம் நாலு மணிக்குப் பீச்சணும். நடுவுல சமையல், மாட்டுக்குத் தண்ணி, துணி. தவழற பையன் கோழிப்பீயைக் கண்டா வாயில வைக்கிறான், மஞ்சள் துண்டைக் கண்டாலும் வைக்கிறான். "இவனை இடுப்புல வெச்சுக்கிட்டு நான் பால் பீச்சறதுங்களா? வண்டியில இருந்தா கீழ கிடக்கறது எட்டாதுல்ல"ன்னா. மூணு நாள் வீடு அமைதியா இருந்துச்சு.

நாலாவது நாள் சாயங்காலம் அவ கட்டுத்தரையில இருந்தா. மகள் கதவைச் சாத்திட்டு மீட்டிங்ல. நான் ஆசாரத்துல கட்டில்ல உட்கார்ந்து போன்ல ஈரோட்டு மஞ்சள் விலை பார்த்துட்டு இருந்தேன். பையன் எனக்கு நாலடி தூரத்துல பாட்டுப் பொத்தானை அமுக்கிட்டு இருந்தான். குவிண்டால் விலை எவ்வளவுன்னு படிச்சு முடிக்கலை, பாட்டுச் சத்தம் தள்ளிப் போயிருச்சு. தலையைத் தூக்கினா வண்டி வாசப்பக்கம் போயிட்டு இருக்குது. எங்க ஆசாரத்துல இருந்து வாசலுக்கு மூணு படி இறங்கணும். நான் எந்திரிக்கறதுக்குள்ள முன்சக்கரம் ரெண்டும் படி விளிம்பைத் தாண்டிருச்சு.

அங்க ஒரு மஞ்சள் மூட்டை கிடந்தது. முந்தின நாள் வண்டியில ஏத்த எடுத்துட்டுப் போனவன், இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு முதல் படியிலயே சாய்ச்சு வெச்சுட்டு வந்துட்டேன். "வழியில கிடக்குது, எடுங்க எடுங்க"ன்னு எங்க வீட்டம்மா ரெண்டு நேரமும் திட்டிட்டு இருந்தா. வாக்கரோட விளிம்பு அந்த மூட்டையில முட்டி, பாதி கவுந்த நிலையில நின்னுருச்சு. பையன் தலை கீழ தொங்குது, கை ரெண்டும் மூட்டை மேல. அழக்கூட இல்லை. நான் தூக்கின பிறகுதான் என் மூஞ்சியைப் பார்த்து அழுதான்.

மூட்டை இல்லைன்னா கீழ கருங்கல் படி.

இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. கட்டுத்தரையில இருந்து வந்தவ, "ஏன் அழுகறான்?"னு கேட்டதுக்குத் தூக்கம் வந்துருச்சுன்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரியே வண்டியை எடுத்து ஓரமா கவுத்து வெச்சுட்டேன். சக்கரத்துல முடி சுத்தியிருக்குது, பிரிச்சு எண்ணெய் விடணும்னு ஒரு பொய். அவ நாலு நாள் பொறுத்துப் பார்த்தா. "டிராக்டரையே பிரிச்சு மாட்டறீங்க, இந்தச் சக்கரத்துக்கு எத்தனை நாளுங்க?"ன்னு கேட்டா.

அதுக்குள்ள ஒன்பது மாச ஊசிக்கு நாள் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு மகளோட நானும் போனேன். ஊசி போட்டு முடிச்சதும் மெதுவா டாக்டரம்மாகிட்ட, "வாக்கர்ல விடலாங்களா?"ன்னு கேட்டேன். எனக்குத் தெரியாத காரணத்தை எல்லாம் அவங்க வரிசையாச் சொன்னாங்க.

அதுல உட்கார்ந்த குழந்தை நிக்கறதில்லையாம், தொங்குதாம். நுனிக்காலால தரையைத் தள்ளுது. உள்ளங்கால் முழுசாப் பதியறதில்லை. தட்டு மறைக்கறதால தன்னோட காலையே குழந்தை பார்க்க முடியாது. குப்புற விழுந்து, தவழ்ந்து, எதையாவது பிடிச்சு எந்திரிச்சு, பொத்துனு உட்கார்ந்து எந்திரிக்கறதுலதான் இடுப்புக்கும் காலுக்கும் பலம் வருது. வாக்கர்ல இருக்கிற நேரத்துக்கு அந்தப் பழக்கம் போகுது. அதனால சீக்கிரம் நடக்கறது இல்லை, சில குழந்தை தாமதமாவும் நடக்கும். ஒன்பது மாசத்துல இருந்து ஒண்ணரை வயசுக்குள்ள எப்ப நடந்தாலும் சரிதான்னாங்க. கடைசியா ஒண்ணு சொன்னாங்க: "ஒரு நொடியில மூணு அடிக்கு மேல போயிரும், பக்கத்துல ஆள் இருந்தாலும் பிடிக்க முடியாது." கனடாவுல 2004-லயே இதை விக்கக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்களாம். நம்ம பக்கம் கடைக்குக் கடை தொங்குது.

ஒரு நொடி மூணு அடின்னதும் எனக்கு வேர்த்துருச்சு. வரும்போது வண்டியில மகள்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கொஞ்ச தூரம் அவ பேசவே இல்லை. அப்புறம், "அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லப்பா"ன்னா. அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

அவ வலது கையில மணிக்கட்டுக்கு மேல ஒரு தழும்பு இருக்குது. அவ பத்து மாசக் குழந்தையா இருந்தப்ப நாங்க ரெண்டு பேரும் களை எடுக்கப் போயிருந்தோம். பையனைப் பார்த்துக்க இன்னிக்கு நாங்க இருக்கிறோம், அன்னிக்கு எங்கம்மா ஒருத்திதான். கண்ணும் அவங்களுக்குச் சரியாத் தெரியாது. பழைய சேலையால இடுப்புல கட்டித் தூணோட கட்டிப் போடுவாங்க. ஒரு நாள் முடிச்சு அவுந்து, தவழ்ந்து போய்ப் பொடக்காளியில வெந்நீர் அடுப்புல கையை வெச்சுட்டா. அந்தக் காலத்துல வாக்கர் இல்லாமயே குழந்தைகளை வளர்த்தோம்னு நான் பெருமை பேசினா அந்தத் தழும்பு என்னைப் பார்த்துச் சிரிக்கும். தூணுல கட்டினதும் வண்டியில உட்கார வைக்கறதும் ஒரே காரியத்துக்குத்தான். குழந்தை நடக்கறதுக்கு இல்லை, பெரியவங்க கை வேலைக்கு.

அதனால எங்க வீட்டம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. "வண்டி வேண்டாம்னா சரிங்க. பால் பீச்சற நேரம் இவனை யாரு பார்த்துக்கறது?" நான் பார்த்துக்கறேன்னேன். அவ நம்பலை. சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும் போனைத் திண்ணையில வெச்சுட்டு அவன் பின்னாலயே சுத்தினேன். தோட்டத்துல அந்த நேரத்துக்கு மடை மாத்தற வேலையைக் காலைக்கு மாத்திக்கிட்டேன். மூணு பிள்ளைக பெத்தவன் நான், ஒரு குழந்தை எப்படித் தவழ்ந்து எந்திரிக்குதுன்னு அன்னிக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். மாட்டுத் தொட்டியைப் பிடிச்சு எந்திரிப்பான், ஆடுவான், பொத்துனு உட்காருவான், என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் கையை நீட்டாம இருக்கறதுதான் பெரிய வேலை. பிறந்த கன்னுக்குட்டியும் நாலு தடவை விழுந்துதான் எந்திரிக்குது, அதைத் தாங்கிப் பிடிக்க எப்பவாவது ஓடியிருக்கிறேனா?

மாப்பிள்ளைகிட்ட மகள்தான் சொன்னா. அடுத்த சனிக்கிழமை வந்தவரு மூஞ்சி சுருங்கித்தான் இருந்துச்சு. சாப்பிட்டு முடிச்சு, அவரா ஏணியை எடுத்து வண்டியை அட்டாலியில ஏத்தினாரு. இறங்கும்போது, "மூட்டையை எடுத்துடாதீங்க மாமா"ன்னாரு. அதுக்கப்புறம்தான் எல்லாரும் சிரிச்சோம்.

ஒரு வருசப் பிறந்த நாளுக்கு நடைவண்டி செய்யலாம்னு தோணுச்சு. முன்னெல்லாம் தேர்க்கடையிலயே வாங்கிட்டு வருவாங்க. எங்க ஊர் ஆசாரிகிட்டப் போனா, "இதைச் செஞ்சு இருவது வருசம் ஆச்சுங்க"ன்னு சிரிச்சாரு. வீட்டுல கிடந்த பூவரசங்கட்டையில செஞ்சு கொடுத்தாரு. முன்னால ஒரு சக்கரம், பின்னால ரெண்டு. கொண்டு வந்து ஆசாரத்துல விட்டா, டைல்ஸ் தரையில அது சர்ருனு ஓடுது, பையன் பின்னால குப்புற விழுகறான். உதடு கிழிஞ்சு ரத்தம். எங்க வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

ஆசாரிகிட்டத் திரும்பப் போனேன். "இது மண்ணு வாசலுக்குச் செஞ்ச வண்டிங்க. சாணி போட்டு மொழுகின தரையில தள்ளினாத்தான் நகரும். வழவழன்னு இருந்தா ஓடத்தான் செய்யும்"னாரு. சக்கரத்துக்கு டயர் ரப்பரைச் சுத்தி ஆணி அடிச்சு, அடியில ஒரு பாரக் கட்டையும் வெச்சுக் கொடுத்தாரு. அதை வாசல்ல மண்ணுல மட்டும்தான் விட்டோம். தள்ளினா ஒரு அடி போகும், நிக்கும். அவன் நின்னா வண்டியும் நிக்கும். பதிமூணாவது மாசக் கடைசியில ஒரு நாள் வண்டியை விட்டுட்டு அம்மாயியைப் பார்த்து நாலு எட்டு வெச்சான். அன்னிக்கு நான் மஞ்சள் விக்க ஈரோடு போயிருந்தேன். பார்க்கலை.

இப்ப அட்டாலி வண்டிக்கு வர்றேன். பக்கத்து வீட்டுல பேத்தி பிறந்து ஏழு மாசம். அந்த வீட்டு அக்கா வந்து, "சும்மாதானே கிடக்குது, எங்களுக்குக் கொடுங்க, காசு வேணும்னாலும் தர்றோம்"னாங்க. எங்க வீட்டுக்கு ஆகாததை அவங்க வீட்டுக்கு எப்படிக் கொடுக்கறது? நடந்ததைச் சொன்னேன். "எங்க வீட்டுல படியே இல்லீங்களே"ன்னாங்க. டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். கொடுக்க மனசில்லாம கதை சொல்றேன்னு நினைச்சுட்டாங்க போல. பத்து நாளா மோருக்குக்கூட வர்றதில்லை.

நேத்து வண்டியை இறக்கிச் சக்கரத்தை எல்லாம் கழட்டிப் போட்டேன். பாட்டுத் தட்டை மட்டும் தனியாப் பிரிச்சுப் பேரன்கிட்டக் கொடுத்தேன். மூணு பொத்தானையும் ஒரே நேரத்துல அமுக்கறதுக்கு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்கிறான். காலையில ஆறு மணிக்கே ஆரம்பிச்சிடறான்.